கமடோர் திரும்பிவிட்டது, கணினி திரும்பியதா?

கமடோர் என்ற பெயர் 2025இல் மறுபடியும் கடைக்கு வந்தது. 1994 ஏப்ரலில் திவாலான வீட்டுக் கணினி நிறுவனம் அது. பிறகு அதன் பெயர் மட்டும் ஜெர்மனிக்காரர்களிடமும் டச்சுக்காரர்களிடமும் கைமாறிக்கொண்டே இருந்தது. யூடியூபில் பழைய கணினிகளைப் பற்றிப் பேசிவந்த கிறிஸ்டியன் சிம்ப்சனின் குழு 2025இல் அதை வாங்கி, ‘கமடோர் 64 அல்டிமேட்’ என்ற கணினியை 299 டாலரில் தொடங்கும் விலைக்கு அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் பிரிட்டனின் ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம், 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை அதன் ரப்பர் பொத்தான்கள் உட்பட அச்சு அசலாக வார்த்து, 48 விளையாட்டுகளை உள்ளே போட்டு விற்பனைக்கு விட்டது. உடனே பழைய சண்டை புதிதாகத் தொடங்கியது. இதெல்லாம் வெறும் பொம்மை, அசல்தான் அசல் என்கிறது ஒரு கட்சி. நாற்பது வயது பெட்டியைக் கட்டி அழுவானேன், புதியது எல்லாவற்றையும் செய்கிறதே என்கிறது மறுகட்சி. இரண்டுமே தோற்றத்தையும் நினைவேக்கத்தையும் வைத்துத் தீர்ப்பு எழுதுகின்றன. உட்கார்ந்தவன் கட்டளை இட்டால் கேட்கும் இயந்திரமா, அதன் உள்வேலை பிறர் படித்துத் திருத்தும்படி திறந்து கிடக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இந்த மறுவார்ப்புகளை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ‘அசல்’ என்பதையே கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். கமடோர் 64இன் ஒலிக்குப் பொறுப்பான ‘சிட்’ சிப்பை வடிவமைத்தவர் பாப் யானிஸ். 6581 என்ற எண்ணுள்ள அதன் முதல் வடிவத்தில் ஒரு குறை இருந்தது: ஒலி அளவைக் கூட்டிக் குறைத்தால் ஸ்பீக்கரில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த ஒலி அளவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாற்றினால் டக் டக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பதிவு செய்த குரலையோ மத்தளத்தையோ ஒலிபரப்ப முடியும் என்று இசையமைப்பாளர்கள் கண்டுகொண்டார்கள். 1987இல் வந்த ‘ஸ்கேட் ஆர் டை’ விளையாட்டின் தொடக்க இசையில் ராப் ஹப்பார்ட் மின்கிட்டாரை முழங்க விட்டது இந்த வழியில்தான். பின்னாளில் கமடோர் 8580 என்ற திருத்திய சிப்பைக் கொண்டுவந்தபோது குறை நீங்கியது. கூடவே கிட்டாரும் ஏறக்குறைய காணாமல் போயிற்று. இரண்டும் கமடோர் தன் கையால் செய்தவை. இதில் எது அசல்? ஸ்பெக்ட்ரத்தின் கதையும் இதேதான். முதல் தவணைச் சுற்றுப் பலகைகளில் யுஎல்ஏ என்ற முக்கியச் சிப்பில் ஒரு பிழை இருந்தது. அதைச் சரிக்கட்ட இன்னொரு சிறு சிப்பைத் தலைகீழாக ஒட்டி, கால்களில் கம்பி சுற்றி அனுப்பினார்கள். மல்லாந்து கிடந்த அந்தச் சிப்புக்குச் ‘செத்த கரப்பான்’ என்றே பெயர் விழுந்தது. மூன்றாம் தவணைப் பலகையில் கீபோர்டைப் படிக்கும் மின்னழுத்தம் கொஞ்சம் மாறியதால், முன்பு ஓடிய சில விளையாட்டுகள் அதில் பொத்தானுக்குக் கட்டுப்பட மறுத்தன. ஆக, அசல் என்று நாம் கும்பிடுவது ஒரே பொருள் அல்ல; செலவைக் குறைக்கவும் பிழையைத் திருத்தவும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே வந்த பலகைகளின் வரிசை. அந்த வரிசை 1994இல் முற்றுப்பெற்றுவிட்டது என்று யாரும் சட்டம் போடவில்லை.

அடுத்து, அசல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. கமடோர் 64க்குக் கூடவே கொடுத்த பவர் சப்ளை, பசை ஊற்றி மூடிய ஒரு கறுப்புக் கட்டி. பிரித்துப் பழுது பார்க்க முடியாது. வயதானால் அது 5 வோல்ட் தரவேண்டிய கம்பியில் அதைவிடக் கூடுதலாகத் தள்ளும். நினைவகச் சிப்புகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். கமடோரின் இன்னொரு கணினியான அமிகா 500 பிளஸின் பலகையில் சாலிடர் செய்த பேட்டரி கசிந்து, சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துத் தின்கிறது. பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளைக்குள் இருக்கும் காகித மின்தேக்கிகளின் மேலோடு விரிசல் விட்டு ஈரம் ஏறினால், ஒருநாள் சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்கப் புகை. அந்த பிபிசி மைக்ரோ நமக்கும் அந்நியமானது அல்ல. 1984-85இல் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம் சுமார் 250 பள்ளிகளில் கணினிக் கல்வியை இறக்கியது இந்தப் பெட்டிகளைக் கொண்டுதான். இவற்றின் தனிச் சிப்புகளைச் செய்த ஆலைகள் இன்று இல்லை. ஆசையாக வாங்கி, தினமும் ஓட்டி மகிழ்பவர், திரும்பக் கிடைக்காத ஒன்றைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார். அவர் பணம், அவர் இஷ்டம்தான். ஆனால் அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் அசலே வேண்டாமா? மறுவார்ப்பின் பக்கம் நிற்பவர்கள் வசதியாக மறப்பது இதைத்தான்: நல்ல மறுவார்ப்பு ஒவ்வொன்றும் யாரோ ஓர் அசலை அணு அணுவாக ஆராய்ந்ததன் பலன். ‘விஷுவல் 6502’ குழுவினர் பிபிசி மைக்ரோவின் மையச் செயலியான 6502 சிப்பின் மேல்மூடியை அகற்றி, நுண்ணோக்கியில் படம் எடுத்து, அதன் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்களையும் வரைபடமாக்கி, திரையில் உயிரோடு ஓடவிட்டார்கள். ஃபெராண்டி நிறுவனம் செய்த ஸ்பெக்ட்ரம் யுஎல்ஏவின் உள்ளமைப்பை கிறிஸ் ஸ்மித் இதுபோலவே துருவி எடுத்து 2010இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். சிட் சிப்பில் ஒலியின் சாயலை மாற்றும் வடிகட்டி இன்னும் தொல்லை தருகிறது. அது அனலாக் சுற்று. ஒரே எண் பொறித்த இரண்டு 6581கள்கூட ஒரே பாட்டை வேறு வேறு சாயலில் பாடும். இதை அளந்து சரிபார்க்க அசல் சிப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எனவே அசலின் இடம் விளையாட்டு மேசை அல்ல, ஆய்வு மேசை. எப்போதாவது உயிர் கொடுத்து, அளந்து, மறுபடி பத்திரப்படுத்த வேண்டிய சாட்சி அது.

மறுவார்ப்புகளுக்குள்ளும் இரண்டு சாதி உண்டு. ரெட்ரோ கேம்ஸ் செய்பவை, செல்போனில் இருப்பது போன்ற ஆர்ம் சிப்பின் மேல், பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளை ஓட்டுபவை. அல்டிமேட், ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட், ஆர்வலர்கள் கூடி வளர்த்த மிஸ்டர் ஆகியவை எஃப்பிஜிஏவை நம்புபவை. பழைய சிப்பின் சுற்றை அப்படியே வரித்துக்கொள்ளும் வெற்றுச் சிப்பு அது. ‘எங்களுடையது எமுலேஷனே இல்லை’ என்று இரண்டாம் வகையினர் மார்தட்டுவதில் பாதி உண்மை இருக்கிறது. ஐரோப்பிய கமடோர் 64 ஒரு சட்டகத்துக்கு 312 கோடுகளை, கோட்டுக்கு 63 துடிப்புகள் என்ற கணக்கில், நொடிக்குச் சுமார் 50 முறை, பிக்சர் டியூபின் கதிர் நகர நகர வரைந்தது. சரியான துடிப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, சிப்பை ஏமாற்றி, படம் வராத திரையின் ஓரக்கட்டத்தையே திறந்துகாட்டிய வித்தைக்காரர்கள் அன்று இருந்தார்கள். மென்பொருள் எமுலேட்டர் பொதுவாக முழுச் சட்டகத்தையும் தயாரித்துவிட்டுத்தான் திரைக்குக் கொடுக்கிறது; அதனால் கைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம். எஃப்பிஜிஏ துடிப்புக்குத் துடிப்பு ஈடுகொடுக்கும். அதற்காக அது அசலாகிவிடாது. சுற்றை விவரித்தவர் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் எஃப்பிஜிஏவும் அதே தப்பைத் துடிப்பு பிசகாமல் செய்யும். போதாக்குறைக்கு, 60 ஹெர்ட்ஸில் மட்டும் ஓடும் டிவியில் மாட்டினால் 50 ஹெர்ட்ஸ் படம் நகரும்போது திக்கித்தான் திக்கும், உள்ளே எந்தச் சிப்பு இருந்தாலும். எது மேல் என்ற இந்தச் சண்டை பொறியாளர்களுக்குச் சுவையானது. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

1982இன் கமடோரில் சுவிட்சைப் போட்டதும் வந்தது நீலத் திரை. 38,911 பைட் காலியாக இருக்கிறது என்று ஒரு வரி, கீழே ‘ரெடி’, அதற்கும் கீழே கண்சிமிட்டும் ஒரு சதுரம். பட்டியல் இல்லை, படம் இல்லை. ஏதாவது தட்டச்சு செய்தாக வேண்டும். ஒரு விளையாட்டை ஏற்றக்கூட அதற்குக் கட்டளை எழுத வேண்டும். கூடவே வந்த கையேடு பேசிக் மொழியைச் சொல்லிக்கொடுத்தது. நிரலாளர்களுக்கென்று கமடோர் வெளியிட்ட புத்தகத்தின் கடைசியில், மடித்துவைத்த தாளில் மொத்தச் சுற்று வரைபடமும் இருந்தது. வீட்டுக் கணினி என்ற பொருளின் உயிர்நாடி இதுதான். இந்த அளவுகோலில் 2018இல் ரெட்ரோ கேம்ஸ் கொண்டுவந்த சி64 மினி தோற்கிறது. அதன் கீபோர்டு வெறும் அச்சு, பொத்தான் எதுவும் அமுங்காது. தனியாக ஒரு யுஎஸ்பி கீபோர்டை மாட்டினால் பேசிக் கிடைக்கும் என்பது உண்மை. வாங்கியவர்களில் எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள்? மறு ஆண்டே அதே நிறுவனம் முழு அளவில், எல்லாப் பொத்தான்களும் வேலை செய்யும் கணினியைக் கொண்டுவந்தது. விளையாட்டுப் பட்டியலுக்குப் பதிலாக நேராக பேசிக்கில் விழித்தெழும்படியும் அதை வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே தொழில்நுட்பம். ஆனாலும் முதலாவது பொம்மை, இரண்டாவது கணினி.

வாங்குபவர்களில் பெரும்பாலோர் பால்ய விளையாட்டைத்தானே தேடுகிறார்கள், அவர்களிடம் போய் பேசிக் பேசுவானேன் என்று கேட்கலாம். 1982இலும் பெரும்பாலோர் விளையாடத்தான் வாங்கினார்கள். வேறு வழியும் அதே பெட்டியில் திறந்திருந்ததால் அவர்களில் ஒரு பகுதியினர் நிரல் எழுதப் போனார்கள். பிரிட்டனின் கணினி விளையாட்டுத் தொழில் முளைத்தது படுக்கையறைகளில் உட்கார்ந்து ஸ்பெக்ட்ரத்தில் எழுதிய பதின்வயதினரிடமிருந்துதான். எமுலேட்டர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது காசு கொடுப்பானேன் என்ற வாதம் இதைவிட வலுவானது. மறுக்க முடியாது, வசதி இல்லாதவர் அதையே எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் நாற்பது ஜன்னல்கள் திறந்துகிடக்கும் மடிக்கணினியில் இன்னொரு ஜன்னலாக ஓடும் கமடோர், வேறு எதையும் செய்யத் தெரியாத பெட்டி தரும் கவனத்தைத் தராது.

இரண்டாவது கேள்வி உரிமையைப் பற்றியது. ஸ்பெக்ட்ரம் இன்று இவ்வளவு வடிவங்களில் வாழ்கிறதென்றால், அதைச் செய்த சின்கிளேரின் கணினி வியாபாரத்தை 1986இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட், 1999இல் அதன் ரோம் நிரலை எமுலேட்டர்களோடு சேர்த்துப் பகிர்ந்துகொள்ள அனுமதி தந்ததும் ஒரு காரணம். இப்படிப்பட்ட அனுமதி தேவை; ஏனென்றால் மறுவார்ப்பு நிறுவனங்களின் ஆயுள் அசல்களின் ஆயுளைவிடக் குறைவாக இருக்கலாம். 2016இல் மக்களிடம் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி வேகா பிளஸ் என்ற கையடக்க ஸ்பெக்ட்ரத்தைச் செய்யப் புறப்பட்ட நிறுவனம், பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு எதையும் அனுப்பாமலே 2019இல் கலைக்கப்பட்டது. இன்றைய எஃப்பிஜிஏ சிப்பும் ஒருநாள் உற்பத்தி நின்றுபோகும். அப்போது அதன் சுற்று விவரிப்பு மிஸ்டருடையதைப் போலப் பொதுவெளியில் இருந்தால், யாராவது வேறு சிப்புக்கு மாற்றிக்கொள்வார்கள். கம்பெனியின் அலமாரியில் பூட்டிக் கிடந்தால், 2060இல் அந்த மறுவார்ப்பைப் பழுதுபார்க்க உட்காருபவர் 1982இன் பெட்டியைப் பிரித்தவரைவிட மோசமான நிலையில் இருப்பார். அவர் கையில் அந்த மடித்த வரைபடம்கூட இருக்காது. விற்பனையை நிறுத்தும் நாளில் வடிவமைப்பை வெளியிடுவோம் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டு விற்க இந்த நிறுவனங்களுக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.