சங்கிலியும் வேண்டாம், சாபமும் வேண்டாம்

மது ஹராம். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறிந்த சட்டம் இது. ஆனால் மதுவுக்கோ மாத்திரைக்கோ அடிமைப்பட்டு, அதனுடன் மனமும் நோயுற்றுக் கிடக்கும் ஒருவனை என்ன செய்வது என்று கேட்டால் நம்முள் எத்தனை பேர் விடை வைத்திருக்கிறோம்? வீட்டார் மறைக்கின்றனர், உறவினர் பழிக்கின்றனர், ஜமாஅத்தார் விலக்குகின்றனர். என்னைப் போன்ற ஆலிம்கள் உபதேசம் செய்கிறோம். அவன் அழிந்துபோகிறான்.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மதரஸாவில் ஓதி, முப்பது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருபவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், ஷஅபான் மாதத்தின் கடைசி நாளில், என் பழைய மாணவன் ஒருவனின் வாப்பா என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பையன் குடியில் மூழ்கிவிட்டான். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். அவனை அழைத்தேன். பிறை தெரியுமுன் தவ்பாச் செய்துவிடு, இன்றோடு அதைத் தொடாதே என்றேன். அழுதுகொண்டே கைகொடுத்தான், சொன்னபடியே அன்று மாலையோடு நிறுத்தினான். பன்னிரண்டு ஆண்டுகள் நாள் தவறாமல் குடித்தவன் அவன். எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

இரண்டாம் நோன்பு திறந்த இரவு, தராவீஹ் முடித்து வந்தவனுக்கு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தேன். கைகள் நடுங்க, உடல் வியர்த்து ஒழுக, சுவரில் இல்லாத பூச்சிகளைத் தட்டிக்கொண்டிருந்தான். பெற்ற உம்மாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "ஜின் பிடித்துவிட்டது" என்றார்கள் கூடியிருந்தவர்கள். நானும் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தேன். ஸஹருக்கு முன் அவனுக்கு வலிப்புக் கண்டது. மருத்துவமனைக்குத் தூக்கி ஓடினோம். பணியிலிருந்த பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "திடீரென்று நிறுத்தச் சொன்னது யார்?" என்பதே. "நான்தான் அம்மா" என்றேன். "ஒரு நாள் முன்னால் இங்கே அழைத்து வந்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாமே, ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

அன்று நான் கற்ற பாடத்தை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். பல்லாண்டு மதுவில் ஊறிய மூளை, மது திடுமென நின்றவுடன் கட்டவிழ்ந்த குதிரைபோல் ஓடத் தொடங்குகிறது. ஆறு மணி முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாதன தோன்றி நினைவு குழம்பும் பிதற்றல் நோய் வரலாம். கவனியாது விட்டால் உயிரையே வாங்கும். இதற்கு மருந்து உண்டு. டயஸிபாம், லோராசிபாம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் அளவறிந்து தந்து நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார். தயாமின் என்னும் வைட்டமின் பி1 மருந்தைச் செலுத்தி, நினைவாற்றலை நிலையாக அழிக்கும் மூளைக்கேட்டைத் தடுப்பார். ரமளானுக்காகக் குடியை நிறுத்துவோர் நம் ஊர்களில் உண்டு. அவர்களின் எண்ணம் போற்றத்தக்கது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், பிறை காணும் நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் செல்லட்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது அன்றோ?

அவனுக்கு நடுக்கம் தீர்ந்தது, துன்பம் தீரவில்லை. இருபது வயது முதலே உறக்கமின்றி, எதிலும் மனம் பற்றாமல், தான் எதற்கும் உதவாதவன் என்னும் எண்ணம் அரிக்க அவன் வாழ்ந்திருக்கிறான். அந்த இருளிலிருந்து ஓர் இரவேனும் தப்பவே முதலில் குடித்தான். பிறகு குடியே அவ்விருளை மும்மடங்காக்கிற்று. போதை மீட்பு இல்லம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். "இவருக்கு மனநோய் இருக்கிறது, இங்கே சேர்க்க இயலாது" என்றார்கள். மனநல மருத்துவர் ஒருவரிடம் சென்றார்கள். "முதலில் குடியை விட்டுவிட்டு வரட்டும்" என்றார். இரண்டு வாயில்களுக்கும் இடையே எட்டு மாதம் அலைந்தான். அதற்குள் ஒருநாள் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முற்பட்டான். அல்லாஹ் காப்பாற்றினான்.

இதுதான் நான் எதிர்க்கும் முதல் தவறு. படித்தவர்கள் செய்யும் தவறு இது. போதை அடிமை நோயும் மனநோயும் ஓர் உடலில் சேர்ந்து குடியிருப்பது அரிதன்று. மனச்சோர்வு, அச்ச நோய், மனச்சிதைவு, மிகு மகிழ்வும் மிகு துயரும் மாறி மாறி வரும் இருமுனை நோய் ஆகியவற்றில் எதுவும் போதையோடு கைகோத்து வரலாம். ஒன்று மற்றொன்றுக்கு எண்ணெய் வார்க்கும். ஒன்றை மட்டும் கவனித்தால், மற்றது அதனை மீண்டும் இழுத்து வரும். எனவே இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மருத்துவக் குழுவினர், ஒரே திட்டத்தின்படி கவனிப்பதே முறை என்பது இன்றைய மருத்துவத்தின் தெளிந்த கருத்து. குடியால் மட்டுமே வந்த சோர்வு, குடி நின்ற சில வாரங்களில் பெரும்பாலும் தானே தணியும். தணியாவிடில் அது தனி நோய் என்று அறிந்து மருத்துவர் சிகிச்சையைத் திருத்துவார். அந்த வாரங்களில் அவர் நோயாளியைத் தம் பார்வையில் வைத்துக் கவனித்தல் வேண்டும். வாயிலைச் சாத்துவதற்குப் பெயர் கவனித்தல் அன்று.

இரண்டாவது தவறு நம்முடையது. "இது பாவம், பாவத்துக்கு மருந்து ஏது?" என்கிறோம். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் குடித்த குற்றத்துக்காகப் பன்முறை தண்டனை பெற்றார். கூடியிருந்தவருள் ஒருவர் அவரைச் சபித்தபோது நாயகம் அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. தண்டிக்கும் இடத்திலேயே சாபம் தடுக்கப்பட்டதென்றால், நோயுற்றுக் கிடப்பவனை நம் தெருக்களில் சபிக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்?

மது ஏன் விலக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்ப்போம். 'கம்ர்' என்னும் அரபுச் சொல்லின் வேருக்கு 'மூடுதல்' என்பது பொருள். பெண்டிர் தலை மறைக்கும் 'கிமார்' அதே வேரில் பிறந்ததே. அறிவை மூடுவதால் அது கம்ர். ஷரீஅத் காக்க வந்த ஐந்தினை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வரிசைப்படுத்தினார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, வமிசம், பொருள். அறிவைக் காக்கவே மது விலக்கப்பட்டது. அப்படியானால், அறிவு நோயுற்றவனை மருத்துவரிடம் சேர்ப்பதும் அதே சட்டத்தின் கட்டளையே ஆகும். குடிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு நோயாளியைக் கைவிடுபவன் அச்சட்டத்தின் பாதியைத்தான் கடைப்பிடிக்கிறான்.

நம் முன்னோர் முழுமையாகக் கடைப்பிடித்தார்கள். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே ஒரு நூல் செய்தார். மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ் என்பது அதன் பெயர். காரணம் தெரிந்து வரும் துயரம் வேறு, காரணமே தெரியாமல் உடலிலிருந்து எழும் துயரம் வேறு என்று அவர் அன்றே பிரித்துக் காட்டினார். 1354ஆம் ஆண்டு ஹலப் நகரில் எழுந்த அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளருக்கென முற்றங்களும் நீரூற்றுகளும் அமைந்திருந்தன. நீரோசை கேட்டு மனம் ஆறட்டும் என்று கருதியவர்களின் வழித்தோன்றல்கள் நாம்.

அத்தகைய நாம் 2001ஆம் ஆண்டு எங்கே நின்றோம்? அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களிற் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். தர்காவுக்கு நம்பி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். முஸ்லிமும் உண்டு, இந்துவும் உண்டு. நான் ஜின்னை மறுப்பவன் அல்லன். துஆவை மறுப்பவனும் அல்லன். ஆனால் மருந்தை மறுக்க அவ்விரண்டையும் காரணம் காட்டுவோரை மறுக்கிறேன். குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் துஆவும் தவாவும் ஒரே வளாகத்தில் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். தர்காவின் முஜாவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பி வைக்கின்றனர். ஏர்வாடியிலும் பின்னாளில் அவ்வழியில் அரசின் மனநலச் சேவை ஏற்பட்டது. வழி இருக்கிறது, நடக்க மனம் வேண்டும்.

மூன்றாவது தவறு, "மருந்தும் ஒரு போதைதானே" என்னும் வாதம். மது வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகியவை போதை தருவன அல்ல. ஹெராயின் போன்ற அபின் வகைக்கு அடிமையானோருக்குத் தரப்படும் புப்ரெனார்ஃபின், மெதடோன் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவையே. எனினும் மருத்துவர் வகுத்த அளவில் அவை மயக்குவதில்லை. நடுக்கத்தையும் வேட்கையையும் அடக்கி மனிதனை வேலைக்கு அனுப்புகின்றன, உயிர் பிழைக்கவும் செய்கின்றன. நிர்ப்பந்த நிலைக்குத் தனிச் சட்டம் வகுத்த ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்கள் இதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. இவர்களைச் சில மாதம் அறையில் அடைத்து வைத்து, மருந்தின்றி வெளியே விடுவதே பேராபத்து. தாங்கும் சக்தி குறைந்த உடலில் பழைய அளவு ஏறினால் மூச்சு நின்றுவிடும்.

நான்காவது, குடிப்பவனுக்குத் தெரியாமல் சோற்றிலும் தேநீரிலும் கலந்து கொடுக்கும் மருந்து. இத்தகைய விளம்பரங்களை நம்பாதீர்கள். டைசல்ஃபிராம் என்னும் மருந்து உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால் வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் நேரும், மரணமும் நேரலாம். மனச்சிதைவு உள்ளவனுக்கு அது பித்தத்தை மிகுவிக்கவும் கூடும். நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டிய மருந்து அது. அன்பினால் செய்தாலும் வஞ்சனை வஞ்சனையே.

மருந்தோடு பேச்சுச் சிகிச்சையும் வேண்டும். தன்னுள்ளேயே மாறும் விருப்பத்தை அவன் கண்டுகொள்ளச் செய்தல், வேட்கை எழும் இடமும் வேளையும் அறிந்து விலகப் பழக்குதல், குடும்பத்தாருக்கு நோயை விளக்குதல் எனப் பல முறைகள் அதில் உள்ளன. நோய் மீண்டும் தலைகாட்டினால் தோல்வி என்று சபிக்கக் கூடாது. நீரிழிவில் சர்க்கரை ஏறினால் நோயாளியை வீட்டைவிட்டு விரட்டுகிறோமா?

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் மதுவால் உதவி தேவைப்படுவோர் சுமார் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். சட்டமோ நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைக் கேட்டையும் மனநோய் என்றே கணக்கிடுகிறது. சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்கிறது. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு நிகராக மனநோயையும் சேர்க்கச் சொல்கிறது. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது. போதை மீட்புக்கு 14446 என்னும் எண் உண்டு.

ஜமாஅத்தின் பெரியோர்களே, உங்களை மூன்று கேட்கிறேன். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இவ்விரு எண்களையும் எழுதி வையுங்கள். ஷஅபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில், குடியை நிறுத்த விரும்புவோர் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று கதீப் பேசட்டும். ஏழை நோயாளியின் சிகிச்சைக்கு ஜகாத்திலிருந்து கொடுங்கள். மருத்துவர்களையும் ஒன்று கேட்கிறேன்: இரண்டு நோயோடு வருபவனை ஒரு வாயிலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் மாணவன் இப்போது இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் மருத்துவர் ஒருவரிடம் செல்கிறான். இடையில் ஒருமுறை வழுக்கினான்; மறுநாளே அவரிடம் போய்ச் சொன்னான். சென்ற ரமளானில் மருத்துவரைக் கேட்டு, மாத்திரை வேளைகளை மாற்றிக்கொண்டு நோன்பு பிடித்தான். தராவீஹில் என் பின்னால் நின்றான். ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூசுகிறது. அந்தக் கூச்சம் நம் எல்லோருக்கும் வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.