முதல்ல படத்தைப் போடுங்க, அப்புறம் ஃபார்முலா

ஒரு கணக்கு சொல்றேன். கால்குலேட்டரை எடுக்காமல் படியுங்கள்.

அதிராம்பட்டினம் கரையிலிருந்து ஒரு படகு 150 டிகிரி பேரிங்கில் 10 கிலோமீட்டர் போகிறது. அங்கிருந்து திரும்பி 210 டிகிரி பேரிங்கில் இன்னொரு 10 கிலோமீட்டர். பேரிங் என்றால் வடக்கிலிருந்து கடிகார முள் சுற்றும் பக்கமாக அளக்கிற கோணம். இப்போது படகு புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

போன ஸ்டடி ஹாலிடேஸில் ஊருக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டு ப்ளஸ் ஒன் பையன் இந்தக் கணக்கோடு வந்தான். நான் சிவில், ஃபைனல் இயர். சின்ன வயசிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். அரை நிமிஷத்தில் போட்டுவிட்டேன். 210-இல் 150 போனால் 60. ரெண்டு பக்கமும் 10, நடுவில் 60 டிகிரி, அப்படின்னா சமபக்க முக்கோணம். விடை 10 கிலோமீட்டர்.

திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த அவனுடைய சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, முதல்லயும் தெக்கதான் போவுது. திரும்புன பொறவும் தெக்கதான் போவுது. எப்படிப்பா பத்துலயே நிக்கும்?"

என்னிடம் பதில் இல்லை. நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு வலப்பக்கம் சாய்வாகக் கீழே, அடுத்தது இடப்பக்கம் சாய்வாகக் கீழே இழுத்தார். கோடு முடிந்த இடம், புறப்பட்ட புள்ளிக்கு நேர் கீழே. படகு ஊருக்கு நேர் தெற்கே நிற்கிறது. பையன் உடனே பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு கோட்டுக்கும் தெற்குப் பக்கமாக 10 காஸ் 30, அதாவது 8.66. ரெண்டும் சேர்ந்து 17.3 கிலோமீட்டர்.

நான் சொன்ன 10 கிலோமீட்டரை நம்பி டீசல் ஊற்றியிருந்தால், கரைக்கு 7 கிலோமீட்டர் முன்னாடியே எஞ்சின் நின்றிருக்கும்.

தப்பு எங்கே? 60 டிகிரி என்பது படகு எவ்வளவு திரும்பியது என்ற கோணம். முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிற கோணம் 120. திரும்பிய இடத்தில் நின்று வந்த வழியைப் பார்த்தால் 330 டிகிரி, போகிற வழி 210 டிகிரி, வித்தியாசம் 120. சர்வே லேபில் பேக் பேரிங், ஃபோர் பேரிங் என்று அப்சர்வேஷன் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி கையெழுத்தும் வாங்கியவன் நான். ஃபார்முலா மண்டையில் இருந்தது, படம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: படம் என்பது விடைத்தாளை அழகுபடுத்தும் வேலை இல்லை. யோசிக்கிற வேலையே அங்கேதான் நடக்கிறது. சைனும் காஸும் அதற்கப்புறம் வருகிற கூலி வேலை.

உயரக் கணக்கிலும் இதே கதைதான். எங்க ஊரிலிருந்து கடற்கரையோரமாக சேதுபாவாசத்திரம் பக்கம் போனால் மனோரா இருக்கிறது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-ல் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம், உயரம் சுமார் 23 மீட்டர். அதன் உச்சியிலிருந்து ஒரு படகு 10 டிகிரி இறக்கக்கோணத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கக்கோணத்தைக் கண் மட்டத்துக் கிடைக்கோட்டிலிருந்து குறிக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் கோபுரச் சுவரிலிருந்து குறிப்போம். சரியாகக் குறித்தால் படகு 130 மீட்டர் தள்ளி இருக்கும். தப்பாகக் குறித்தால் 4 மீட்டர். அதாவது படகு கிட்டத்தட்ட கோபுரத்து வாசலில் நிற்கும்! படம் போட்டுப் பார்த்தவனுக்கு இது உடனே உறுத்தும். ஃபார்முலாவில் நம்பரைப் போட்டவன் 4 என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவான்.

இது பரீட்சைக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதை வைத்து முக்கோணம் மேல் முக்கோணமாக வரைந்து, கோணங்களை மட்டும் அளந்துகொண்டே தெற்கே வந்தார். மலை இருக்கிற இடத்தில் மலையில் ஏறிப் பார்க்கலாம். நம்ம டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? எங்கு பார்த்தாலும் வயலும் தென்னையும்தான். அதனால் கோயில் கோபுரங்கள் மேலே ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி அதன் வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் பல வாரம் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே தட்டிச் சரிசெய்தார்.

அரை டன் கருவியை அவ்வளவு உயரத்துக்கு ஏன் இழுக்க வேண்டும்? வரைந்துகொண்டு வந்த முக்கோணத்தின் ஒரு முனை அங்கே வேண்டியிருந்தது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் தெரியும் என்ற படம் முதலில், கருவி அப்புறம். அந்த முக்கோண வலைதான் பிறகு இமயமலை வரை நீண்டது. சமவெளியில் நின்று எடுத்த கோணங்களை வைத்து 1852-ல் ராதாநாத் சிக்தார் ஒரு சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். இன்று அதற்கு எவரெஸ்ட் என்று பெயர்.

"இப்ப டோட்டல் ஸ்டேஷன் இருக்கு, கேட் இருக்கு, ஏஐ இருக்கு, எதுக்கு பென்சில்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சாஃப்ட்வேர் கூட்டல் கழித்தலில் தப்பு செய்யாது. ஆனால் உள்கோணம் 60 என்று நான் டைப் செய்தால், தயங்காமல் 10 கிலோமீட்டர் என்று அதுவும் சொல்லும். திண்ணையில் உட்கார்ந்து "எப்படிப்பா?" என்று கேட்க அதற்கு ஒரு சித்தப்பா கிடையாது. அந்தக் கேள்வியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்க ஒரு படம் வேண்டும்.

எங்க கடலில் இது விளையாட்டும் இல்லை. பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள எல்லை, 1974 ஒப்பந்தத்தில் ஆறு புள்ளிகளைக் குறித்து இணைத்த கோடு. தண்ணீரில் போய்ப் பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தக் கோடு வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டினால் பிடிபடுவது நிஜமான ஆட்கள், நிஜமான படகுகள்.

அதனால் என்னிடம் ரெண்டு கோரிக்கை. ஒன்று, நம்ம பேராசிரியர்களுக்கு: இன்டர்னல் டெஸ்டில் ஒரு கேள்வியாவது படத்துக்கு மட்டும் மார்க் கொடுங்கள். விடை வேண்டாம், படம் மட்டும் போதும். எத்தனை பேருக்குக் கணக்கு புரிந்திருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று உங்களுக்கு. அடுத்த முறை கணக்கு போடும்போது, பேரிங் வந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வடக்கு அம்பு போடுங்கள், முதல் புள்ளியில் மட்டும் இல்லை. உயரம் வந்தால் பார்க்கிறவனின் கண் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னால், விடை சுமாராக எவ்வளவு வரும் என்று படத்தைப் பார்த்து ஓரத்தில் எழுதிவையுங்கள். மொத்தமே ஒரு நிமிஷ வேலை.

அந்தப் பையன் இப்போதெல்லாம் சந்தேகம் என்று வாட்ஸ்அப்பில் கணக்கை மட்டும் அனுப்புவதில்லை. படம் போட்டு, அதை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறான். பாதி நேரம் நான் பதில் சொல்வதற்கு முன்பே, "வேணாம்ணே, வந்துருச்சு" என்று அடுத்த மெசேஜ் வந்துவிடுகிறது.