செய்தியோடை என்னும் சந்தா

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. அன்று முதல் பாறசாலைப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் இரு மாநில அரசுகளின் அறிவிப்புகளையும் கவனித்து வாழ வேண்டியவையாயின. பிள்ளைகளின் உதவித்தொகைக்குத் திருவனந்தபுரத்தை நோக்குகிறோம். களியக்காவிளைக்கு அப்பாலுள்ள கல்லூரிகளுக்குத் தமிழகத்தை நோக்குகிறோம். இரயில்வே வேலைக்கோ மத்திய அரசை நோக்குகிறோம்.

இவ்வறிவிப்புகள் இன்று பெரும்பாலும் இணையதளங்களிலேயே முதலில் வெளியாகின்றன. நமக்கோ அவை கைபேசியில் பல கை மாறி வந்து சேருகின்றன. கடைசி நாள் கடந்தபின் வருவனவும் உண்டு. சென்ற ஆண்டின் அறிவிப்பே புதியதெனச் சுற்றுவதும் உண்டு. விண்ணப்பிக்கத் தவறி ஓராண்டை இழந்த இளைஞர் நம் ஊர்களிலும் உளர்.

இக்குறைக்கு ஏற்ற மருந்து செய்தியோடையாகும். ஆங்கிலத்தில் இதனை ஆர்.எஸ்.எஸ். என்பர், அப்பெயர் கொண்ட இயக்கத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. 1999ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதனைத் தோற்றுவித்தது. இணையதளம் தன் புதிய வெளியீடுகளின் தலைப்பு, நாள், இணைப்பு ஆகியவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைக்கும். நம்மிடமுள்ள ஓடை படிப்பான் அக்கோப்பினை அவ்வப்போது பார்த்து, புதியன இருப்பின் நம்முன் வைக்கும். பத்துத் தளங்களுக்குச் செல்லும் வேலை ஒரே இடத்தில் முடிகிறது. அத்தளங்களுக்கு நம் பெயரோ முகவரியோ தர வேண்டுவதில்லை.

தண்டர்பேர்டு, ஃபீட்லி முதலிய படிப்பான்களைக் கட்டணமின்றியே பயன்படுத்தலாம். தளத்தில் ஒரு புள்ளியும் இரு வளைகோடுகளும் கொண்ட செம்மஞ்சள் சின்னத்தைக் கண்டால், அதன் முகவரியைப் படிப்பானில் சேர்த்தல் போதும். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இவ்வசதியை அளிக்கிறது. எல்லா அலுவலகங்களும் அளிப்பதில்லை. அளிக்காத தளங்களை வாரம் ஒருமுறையேனும் நேரில் திறந்து பார்த்தல் வேண்டும்.

மற்றொன்றும் கூறுவோம். உலகெங்கும் பலர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஆகவே, சேர்த்த ஓடைகளின் பட்டியலைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுதல் நன்று. படிப்பான் மாறினும் பட்டியல் நம்முடையதே.

இளைஞர் ஒருவர் இப்பணியை ஏற்று, கடைசி நாளும் மூலத் தளத்தின் பெயரும் குறித்து ஊர் வாசகசாலைப் பலகையில் எழுதி வைப்பாராயின், கைபேசி பழகாத பெற்றோரும் பயனடைவர். கேள்விப்பட்டதை நம்பி வாழ்தல் இனியும் வேண்டா. மூலத்திலிருந்தே அறிந்து முந்திக்கொள்வோமாக.