டூப்ளிகேட்தான் நம்ம ஒரிஜினல்!

ஒரு கேசட்டின் விலை ஏறக்குறைய 15 கோடி ரூபாய்.

பாட்டு கேசட் இல்லை சார், வீடியோ கேம் கேசட். 2021 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தின் சீல் பிரிக்காத டப்பா ஒன்று 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதற்கு முந்தின மாதம்தான் 'சூப்பர் மரியோ 64' என்ற இன்னொரு டப்பா 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிருந்தது. இத்தனைக்கும் அது அபூர்வப் பொருளே இல்லை. உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்ற ஆட்டம்.

இவ்வளவு காசு கொடுத்து வாங்கியவர் அதை வைத்து என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். பிரித்தால் மதிப்பு போச்சு. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு, மேலே '9.8' என்று மார்க் ஒட்டி, லாக்கரில் வைப்பார். அடுத்தவர் இன்னும் கூடுதலாகக் கேட்கும்போது விற்பார்.

நான் பி.காம். படித்தவன். ஒரு சொத்தைப் பயன்படுத்தினால் வருடா வருடம் தேய்மானம் எழுத வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே கணக்கு தலைகீழ். விளையாட்டுச் சாமானை வைத்து விளையாடாதவனுக்குத்தான் லாபம்! முதலில் சொன்ன மரியோ டப்பாவை 2020-ல் 1 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு வாங்கி, கம்பெனி ஷேர் மாதிரி பங்கு போட்டு விற்றிருந்தார்கள். இப்படி டப்பாக்களுக்கு மார்க் போடும் 'வாட்டா' என்ற கம்பெனி விலையைச் செயற்கையாக ஏற்றிவிட்டதாக 2022-ல் அங்கே வழக்கே தொடுத்தார்கள்.

'அமெரிக்காக்காரன் காசு, அவன் பாடு. உனக்கென்ன வலிக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கவலை அமெரிக்காவைப் பற்றி இல்லை. வடசேரியைப் பற்றி.

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஸ்டாண்ட் உண்டு, கனகமூலம் சந்தை உண்டு, பழைய இரும்புக் கடைகளும் உண்டு. மற்ற ஊர்களில் காயலான் கடை என்பதை எங்கள் பக்கம் ஆக்கர் கடை என்போம். பரணிலிருந்து இறங்கும் பழைய வீடியோ கேம்கள் கடைசியில் வந்து சேரும் இடம் அதுதான். ஜாய்ஸ்டிக்கின் ஒயரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைக்காரர் சிரிப்பார். "இதுல போய் என்னத்த அண்ணாச்சி பாக்கிய? பிளாஸ்டிக் தனி, போர்டு தனி, ஒயர் தனி. எல்லாம் கிலோ கணக்குதான்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அது அவர் தொழில். எனக்குக் கோபம் வேறு ஆட்கள் மேல். 'ரெட்ரோ கேம் கலெக்டர்' என்று சொல்லிக்கொண்டு, ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஒரிஜினல் பெட்டிகளை வரவழைத்து அலமாரியில் அடுக்குகிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், நம் தெருவில் ஓடிய பெட்டியைக் காட்டினால் மூக்கைச் சுளிக்கிறார்கள். "அது டூப்ளிகேட் சார். கலெக்ஷன்ல சேராது."

சேராதா? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1983 ஜூலை 15. நமக்கு அது காமராஜர் பிறந்தநாள். ஜப்பானில் அன்றுதான் நிண்டெண்டோவின் 'ஃபேமிகாம்' விற்பனைக்கு வந்தது. நம்மில் பெரும்பாலோர் வீட்டுக்கு வந்தது அந்த ஒரிஜினல் இல்லை, அதன் வாரிசுகள். சாமுராய், மீடியா என்று ஒரு பெயரோடு வந்தவை சில. பிறகு சீனாவிலிருந்து பெயரே இல்லாமல் வந்தவை பல. ஒரிஜினலில் தனித்தனி சிப்களாக இருந்ததையெல்லாம் ஒரே சிப்பில் அடக்கி, அதன்மேல் தார் சொட்டு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு வைத்து மூடியிருப்பார்கள். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும்.

முறையாக வந்த பெட்டியும் உண்டு. 1995-ல் சேகா கம்பெனியின் 'மெகா டிரைவ்' பெட்டியை இந்தியாவில் விற்றது ஷா வாலஸ். ஆமாம், பீர், விஸ்கி விற்ற அதே ஷா வாலஸ்தான். விலை சுமார் 18 ஆயிரம் ரூபாய். அன்றைக்குப் பல வீடுகளில் அது அரை வருடச் சம்பளம். யார் வாங்குவார்கள்? சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த பெயரில்லாப் பெட்டிதான் வாத்தியார் வீட்டுப் பையனையும் ஆட்டோக்காரர் வீட்டுப் பையனையும் ஒரே பாயில் உட்கார வைத்தது.

மஞ்சள் கேசட்டில் '9999 இன் 1' என்று ஒட்டியிருக்கும். பொறுமையாக எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் ஆட்டங்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா, சர்க்கஸ் சார்லி, ரோட் ஃபைட்டர், டாங்க், வாத்து சுடுகிற டக் ஹண்ட். சில கேசட்டில் ஆட்டங்களின் பட்டியலுக்குப் பின்னால் ஒரு கடற்கரை தெரியும். தென்னை மாதிரி மரம், பறக்கிற கடல் பறவை. 'அன்செயின்டு மெலடி' என்ற பழைய ஆங்கிலப் பாட்டின் மெட்டு ஓடும். அந்தப் பாட்டின் பெயர் தெரியாமலே அந்த மெட்டை முணுமுணுத்து வளர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

அந்தக் கடற்கரையை நிண்டெண்டோ வரையவில்லை. எனவே நிண்டெண்டோ அதைக் காப்பாற்றப்போவதும் இல்லை. ஜப்பான்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் அது திருட்டுச் சரக்கு. நமக்கு அதுதான் குழந்தைப் பருவம். ஒரு தலைமுறை முதன்முதலாக டி.வி. பெட்டியைச் சும்மா பார்ப்பதை விட்டு, கையால் ஆட்டிவைத்தது இந்தப் பெட்டியை வைத்துத்தான்.

நகல் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் வடசேரிக்கே வந்து பார்க்கட்டும். பரதநாட்டியம் ஆடுகிறவர்களின் நெற்றிச்சுட்டி, ராக்குடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஒட்டியாணம் எல்லாம் செய்கிற கைகள் இங்கேதான் இருக்கின்றன. சாமிக்குத் தங்கத்தில் செய்ததை ஆடுகிறவர்களுக்கு வெள்ளியில் செய்து, தங்கத் தகடு போர்த்தி, சிவப்புக் கல் பதித்துக் கொடுத்தார்கள். கணக்குப்படி அது நகல்தானே? இன்றைக்கு 'நாகர்கோவில் கோயில் நகை' என்று புவிசார் குறியீடு வாங்கி நிற்கிறது. நகைத் தொழிலாளியின் கைவேலையையும் தொழிற்சாலைச் சரக்கையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. நகலுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு, அதற்கென்று ஒரு வரலாறு உண்டு என்று மட்டும்தான் சொல்கிறேன்.

*

'எல்லா ஆட்டமும் இப்போ செல்போனிலேயே கிடைக்குதே, பழைய பெட்டி எதுக்கு?' என்பது அடுத்த கேள்வி.

டக் ஹண்ட் துப்பாக்கியை எடுத்து உங்கள் எல்.இ.டி. டி.வி.யைப் பார்த்துச் சுடுங்கள். ஒரு வாத்துகூட விழாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி 'பார்த்தால்' வாத்து செத்தது. பழைய டியூப் டி.வி.யின் வேகத்துக்கும் துடிப்புக்கும் கணக்குப் பண்ணிச் செய்த ஏற்பாடு அது. புது டி.வி. படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுவதால் துப்பாக்கி குருடாகிவிடுகிறது.

ஆக, ஆட்டத்தைக் காப்பாற்ற டியூப் டி.வி.யையும் காப்பாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கா பஞ்சம்? 2006-லிருந்து 2011 வரை அரசாங்கமே 14 இஞ்ச் கலர் டி.வி.யை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. அந்தத் திட்டத்தைப் புகழ்ந்தவர்கள் உண்டு, கிண்டல் அடித்தவர்கள் உண்டு. இன்று அந்தப் பெட்டிகளும் ஆக்கர் கடை வாசலில் குப்புறக் கிடக்கின்றன.

இன்னொரு எதிரி நம் வானிலை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். பரணில் கிடக்கும் கேசட்டின் செம்புப் பல்லில் பச்சையாகக் களிம்பு ஏறுகிறது. நாம் எல்லோரும் செய்த ஒரு வேலை அதை இன்னும் மோசமாக்கியது. கேசட் ஓடவில்லையென்றால் எடுத்து 'உஃப்'என்று ஊதுவோமே, அதுதான். ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டு உலோகம் கெடும் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. லாக்கரில் இருக்கும் பெட்டிக்கும் இதிலிருந்து விதிவிலக்கு இல்லை. சீல் பிரிக்காத டப்பாவுக்குள் கெபாசிட்டரும் பேட்டரியும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். வெளியே 9.8 மார்க், உள்ளே பிணம்.

*

சரி, கம்பெனிகளாவது காப்பாற்றுகின்றனவா? 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவிகிதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று 2023-ல் அங்கே உள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை கணக்கெடுத்துச் சொன்னது. அதே வருடம் மார்ச்சில் நிண்டெண்டோ தன் இரண்டு பழைய கருவிகளுக்கான ஆன்லைன் கடைகளை இழுத்து மூடியது. நூலகங்களில் இருக்கும் பழைய ஆட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் தூரத்திலிருந்து பயன்படுத்த அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் முடியாது என்றுவிட்டது. விற்கவும் மாட்டேன், வைத்துக்கொள்ளவும் விட மாட்டேன். வைக்கோல்போர் நாய்க் கதைதான்.

நம் சட்டம் இன்னும் வேடிக்கை. 1984-லேயே திருத்தம் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் புரோகிராமை 'இலக்கியப் படைப்பு' என்று காப்பிரைட் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாளிலிருந்து 3 வருடம் வரை சிறை, குறைந்தது 50 ஆயிரம் ரூபாய் அபராதம். வியாபாரத்துக்காக இல்லையென்றால் கோர்ட் மனது வைத்து சிறையைத் தவிர்க்கலாம். ரொம்ப சரி.

ஆனால், 1954-ம் வருடத்து இன்னொரு சட்டம் இருக்கிறது. அதன்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். ஜோசியப் புத்தகமும் போகும், சமையல் குறிப்பும் போகும். 2008-ல் இந்தி 'கஜினி' படத்தை வைத்து வந்த கம்ப்யூட்டர் கேம்? நம் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய படம்தான். 2009-ல் ஹைதராபாத்தில் உருவாகி பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'ஹனுமான்'? முழுக்க முழுக்க இந்தியாவில் செய்தது. இவற்றில் ஒரு பிரதி கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. தண்டிக்கும்போது இலக்கியம், பாதுகாக்கும்போது குப்பையா?

திருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். இன்று கடையில் விற்கிற ஆட்டத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். திருட்டு சி.டி. போட்டுப் பிழைக்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் பேசுவது யாரும் விற்காத, யாரும் சொந்தம் கொண்டாடாத, அழிந்துகொண்டிருக்கும் பொருட்களைப் பற்றி.

இதற்கு நாகர்கோவிலிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. எங்கள் ஊர் சுந்தர்ராஜ், சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தைத் தயாரித்தார். 1933-ல் படம் திருவனந்தபுரத்தில் திரைக்கு வந்தது. நாவலின் பதிப்பாளர் உரிமை கேட்டு கோர்ட்டுக்குப் போக, படம் நின்றது, பிரிண்ட் பறிமுதல் ஆனது. சட்டப்படி அது வெளியே தலைகாட்டக் கூடாத சரக்கு. ஆனால், பதிப்பாளர் வசமே கிடந்த அந்தச் சுருள்களை யாரும் தூக்கிப் போடவில்லை. அதனால்தான் 40 வருடம் கழித்து, 1974-ல் அவை புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் பார்க்கலாம். சுந்தர்ராஜின் உறவினர் ஜே.சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்துக்காரர். முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' அவர் எடுத்தது. அதன் பிரிண்ட் இல்லை. 1931-ல் வந்த நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' பிரிண்டும் இல்லை. வழக்கில் சிக்கிய படம் பிழைத்தது, எந்த வில்லங்கமும் இல்லாத படங்கள் போய்விட்டன. பத்திரமாக வைத்திருக்க ஒரு ஆள் இருந்தாரா என்பதுதான் வித்தியாசம்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்றதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு, 1994-ல் அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் 'முதல் பதிப்பு மட்டும்தான், கசங்காத பிரதி மட்டும்தான்' என்று உட்கார்ந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

அரசாங்கத்திடம் கேட்பது இரண்டே விஷயம். 1954 சட்டத்தில் விளையாட்டு மென்பொருளையும் சேருங்கள். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் ஒரு டியூப் டி.வி., ஒரு பழைய பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக் வையுங்கள். பெரிய செலவில்லை. டி.வி.யை நீங்கள்தான் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டீர்களே!

உங்களிடம் கேட்பது இன்னும் சுலபம். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். கேசட்டை ஊதாமல், காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். எந்த ஊரில், எந்த வருடம், யார் வாங்கித் தந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். பிறகு உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால், வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவரைத் தேடிக் கொடுங்கள். பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்.

15 கோடி ரூபாய் டப்பாவுக்குள் இருக்கும் மரியோ இதுவரை ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. உங்கள் பரணில் கிடப்பவன் குதித்துக் குதித்துக் களைத்தவன். இவர்களில் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.