ஒரு ஏக்கர் நெல்லை ஒரு குவார்ட்டர் குடிக்குது!



யாரையும் குடிகாரன் என்று ஏசுவதற்காக இந்த நோட்டீசை அடிக்கவில்லை. குடிக்கிறவன் நம்ம அண்ணன், நம்ம தம்பி, நம்ம பங்காளி. நாம் கேட்பது கணக்கு.

2024 பிப்ரவரியில் விலையை ஏற்றியபோது டாஸ்மாக்கில் சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. நாளுக்கு ஒன்று என்றால் வருசத்துக்கு 51,100 ரூபாய். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதலுக்கு சாதா ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதாவது 40 கிலோ சிப்பம் ஆயிரம் ரூபாய். ஆக, தினம் ஒரு குவார்ட்டருக்கு வருசத்தில் 51 சிப்பம் நெல் போகணும். ஒரு ஏக்கரில் நல்லா விளைஞ்சாலே கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேறும். உழவுக் கூலி, நாத்து, உரம், அறுப்பு மிஷின் வாடகை எதையும் இன்னும் கழிக்கவே இல்லை. சைடு டிஷ் கணக்கு தனி!

இது முழுப்போகம் விளைகிறவன் கணக்கு. குத்தகைக்காரனும் கூலிக்காரனும் எதை எடுத்துக் கொடுப்பான்? பொண்டாட்டி கழுத்துத் தாலிச்சங்கிலி சொசைட்டிக்குப் போகுது. அது மூழ்கினால் கந்துவட்டி.

அப்புறம் ஆஸ்பத்திரி. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து நாற்பது வயசில் படுக்கிறான். துணைக்கு உட்கார்ந்த பெண்சாதிக்குக் கூலி போச்சு. பள்ளிக்கூடத்தை விட்டு மகன் மில் வேலைக்குப் போறான். போதையில் சண்டை போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பூச்சிமருந்தைக் குடித்தவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஊரிலும் எண்ணிப் பாருங்கள். இதெல்லாம் எந்த பட்ஜெட்டில் வருது?

குடிக்காதவனையும் இது விடவில்லை. வாய்க்காலிலும் வரப்பிலும் உடைச்சுப் போட்ட பாட்டில், சேத்துக்குள்ளே கிடந்து நடவு நடுகிற பெண்ணின் காலைக் கிழிக்குது. மாட்டுக் குளம்பில் ஏறினால் அந்த மாடு அவ்வளவுதான்.

அரசின் பெட்டி மட்டும் நிறையுது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. அந்த வருசம் சுமார் 3,600 கோடி ரூபாய் வருமானம். 2024-25இல் 48,344 கோடி! மதுவிலக்கைக் கொண்டுவர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47வது பிரிவு சொல்லுது. நம்ம நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்புவார்கள். 2025 அக்டோபர் மழையில் டெல்டாவில் நெல் முளைச்சுக் கிடந்தது. சரக்கு நனைஞ்சதாக யாராவது கேள்விப்பட்டீர்களா?

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வந்துவிடும் என்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்களே, அப்போது கடைகள் மூடியா கிடந்தன? கடையும் திறந்திருந்தது, கள்ளச்சாராயமும் ஓடியது. அதைத் தடுப்பது போலீஸ் வேலை. அதற்குப் பதிலாகக் கடை நடத்துவது எந்த ஊர் நியாயம்?

(1987இல் தடை செய்த கள்ளைத் திறக்கணும் என்று கேட்கிற தோழர்களும் நம்மில் உண்டு, கூடாது என்கிறவர்களும் உண்டு. அதைத் தனியாகப் பேசுவோம்.)

குடியை நிறுத்த நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாள்பட்டுக் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். கயிறு கட்டுவது மட்டும் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வெட்கம் வேண்டாம், இது நோய்.

நாம் கேட்பது: பள்ளிக்கூடம், கொள்முதல் நிலையம், வயல் பாதை பக்கமுள்ள கடைகளை உடனே மூடு! தாலுகா ஆஸ்பத்திரிதோறும் குடிநோய்க்குப் படுக்கையும் டாக்டரும் கொடு! கிராம சபை வேண்டாம் என்று சொன்ன ஊரில் கடை வைக்காதே!

வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்கு வீட்டுக்கு ரெண்டு பேர் வாருங்கள். பெண்கள் கட்டாயம் வரணும். தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதி, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெறும் தாளில் போடாதீர்கள்.

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்