கெமராவுக்குப் பின்னால் ஓர் இடம்

உயர்தரத்துக்கு நான் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்தைத் தெரிவுசெய்தபோது வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உம்மாதான், "படிச்சி முடிச்சி என்ன செய்யப் போற மகள்? படம் பிடிக்கவா?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பற்றி வாசிக்க வாசிக்கத்தான் பதில் கிடைத்தது.

பாலு மகேந்திரா என்றதும் பலருக்குத் தமிழ்நாடுதான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் நம் நாட்டவர். 1939 இல் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். பாடசாலை மாணவனாக இருந்தபோது கித்துல்கலைக்குச் சுற்றுலா சென்றார். 1957 இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' படத்தை அப்போது அங்கே டேவிட் லீன் எடுத்துக்கொண்டிருந்தார். லீன் "மழை" என்று உரத்துச் சொன்னதும் மழை பொழிந்ததாம். தானும் ஓர் இயக்குநராக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அன்று உடன் சென்ற பிள்ளைகள் எல்லாரும் மழையைப் பார்த்திருப்பார்கள். அந்த மழையைப் பெய்வித்த மனிதரைப் பார்த்தவர் இவர்.

ஆசைப்பட்ட உடனே அவர் இயக்குநராகிவிடவில்லை. இந்தியா சென்று புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றார். ராமு காரியாட்டின் 'நெல்லு' (1974) என்ற மலையாளப் படத்தின் மூலம் ஒளிப்பதிவாளரானார். மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) படத்தில் நாம் காணும் மலையும் வெளிச்சமும் இவர் கண்கள் கண்டவையே. 1977 இல் கன்னடத்தில் 'கோகிலா'வை இயக்கினார். அந்தப் படத்துக்கும், பின்னர் தமிழில் எடுத்த 'மூன்றாம் பிறை' (1982) படத்துக்கும் ஒளிப்பதிவுக்கான இந்தியத் தேசிய விருதுகள் கிடைத்தன. முதலில் தொழிலைக் கற்றார், பிறகுதான் கதை சொன்னார். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

யன்னலால் வரும் வெளிச்சத்தையும் காலை மாலை வெயிலையும் நம்பிப் படம்பிடித்தவர் என்று அவரைப் புகழ்வார்கள். இதைப் புரிந்துகொள்ள நான் ஒரு சின்னப் பரீட்சை செய்து பார்த்தேன். எங்கள் முற்றத்தில் பாயில் மிளகு காயப்போட்டிருந்தது. அதை உச்சி வெயிலில் கைத்தொலைபேசியில் எடுத்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு கறுப்புத் திட்டாகவே தெரிந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுத்தபோது, ஒவ்வொரு மிளகும் தன் நிழலோடு தனித்தனியாகத் தெரிந்தது. பொருள் அதேதான், வெளிச்சம் வந்த பக்கம்தான் வேறு. பொருளில் பட்டு வரும் ஒளியால்தான் கண் பார்க்கிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கிய இப்னுல் ஹைதம் நம் சமூகத்தின் அறிஞர். ஒளியைப் படிப்பது நமக்கு அந்நியமான கல்வியல்ல.

அவருடைய படங்களில் என் மனதை விட்டு அகலாதது 'வீடு' (1988). வேலைக்குப் போகும் சுதா என்ற பெண் ஒரு சிறிய வீடு கட்டப் படும் பாடுதான் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதைப் பார்த்தபோது எங்கள் ஊர்ப் பக்கத்து உம்மாமார்தான் நினைவுக்கு வந்தார்கள். மத்திய கிழக்குக்குப் போய் வருடக்கணக்காக உழைத்தும், கூரை போடாத சுவரோடு நிற்கும் வீடுகள் மாத்தளை மாவட்டத்திலும் இருக்கின்றன. அந்தக் கதையை யார் படமாக்குவது? அந்தப் பெண்களின் அடுப்படிவரை சென்று, அவர்கள் கூச்சமின்றிப் பேசுவதைப் பதிவுசெய்ய யாரால் முடியும்?

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அவருடைய வாழ்க்கையை வாசிக்கும்போது ஷோபாவின் பெயரும் வருகிறது. 'பசி' படத்துக்காகத் தேசிய விருது பெற்ற நடிகை, பாலு மகேந்திராவை மணந்தவர். 1980 மே மாதத்தில் இறந்துபோனார். வயது 17. என் வயது. அந்தப் பக்கத்துக்குப் பிறகு அன்று என்னால் வாசிக்க முடியவில்லை. ஒருவருடைய கலையை மதிப்பதற்காக அவருடைய வாழ்க்கை முழுவதையும் போற்ற வேண்டியதில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். எங்கள் பெற்றோர் இந்தத் துறையைக் கண்டு பயப்படுவது வீணான பயமல்ல என்பதும் விளங்கியது.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து என்ன? பெண் பிள்ளைகளைக் கெமராவிலிருந்து தூரமாக்கினால், நம்மை யார் படம்பிடிப்பது, எந்தப் பக்கத்திலிருந்து, எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை எல்லாம் வேறு யாரோதான் முடிவுசெய்வார்கள். இன்று எல்லார் வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. நாங்கள் படத்தில் விழாமல் இருக்கப்போவதில்லை. முன்னால் நிற்பவளுக்கு அதிகாரம் குறைவு. பின்னால் நிற்பவளே தீர்மானிக்கிறாள். கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளர் கிடைப்பாரா என்று எத்தனை குடும்பங்கள் தேடுகின்றன! தேவை நம் சபைக்குள்ளேயே இருக்கிறது. கற்ற பிள்ளைகள்தான் குறைவு.

உருவப்படங்கள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறிவேன். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் நடிக்கக் கேட்கவில்லை, சினிமாவுக்குப் போகவும் கேட்கவில்லை. ஒழுக்கத்தோடும் ஹிஜாபோடும் ஒரு தொழிலை முறையாகக் கற்கும் வாய்ப்பைத்தான் கேட்கிறேன். நம் கல்லூரியில் ஒரு படப்பிடிப்புக் கழகம் தொடங்கலாம். வாரம் ஒரு மணித்தியாலம் போதும். ஆசிரியைகள் வழிகாட்டட்டும், பெற்றோர் வந்து பார்க்கட்டும்.

பாலு மகேந்திரா இறுதிக் காலத்தில் சென்னையில் ஒரு சினிமாப் பட்டறை நடத்தி இளையவர்களுக்குக் கற்பித்தார். 2014 பெப்ரவரி 13 இல் காலமானார். தொழில் கற்க அமிர்தகழிச் சிறுவன் அன்று கடல் கடக்க வேண்டியிருந்தது. மாத்தளைப் பிள்ளை தன் கல்லூரி வாசலையாவது தாண்டாமல் அந்தத் தொழிலின் முதல் எழுத்தைக் கற்க முடிய வேண்டும்.

உம்மா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். ஆம், படம் பிடிக்கத்தான். இன்ஷா அல்லாஹ், முதல் படம் காலை வெயிலில் நீங்கள் மிளகு புடைக்கும் கைகளாக இருக்கும். முகம் வேண்டாம் என்றால் முகம் வராது. அதைத் தீர்மானிக்கப் போவது நீங்களும் நானும்தான்.