தாய் மட்டும் சுமப்பதா?

கடலூரிலே ஒரு தொழிலாளி வீடு என்று வைத்துக் கொள்வோம். தந்தை சிப்காட் ஆலையிலே ஷிப்டு வேலை பார்ப்பவர். மூன்று வயதிலே ஒரு மகன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். முகம் பார்த்துச் சிரிக்க மாட்டான். மின்விசிறி சுழல்வதையே மணிக்கணக்கில் பார்த்துக் கொண்டிருப்பான். "பேச்சு தானாக வரும், பொறுங்கள்" என்கிறார் பாட்டி. "தாய் வளர்த்த லட்சணம்" என்கிறது தெரு. கையிலே மந்திரித்த கயிறு ஏறுகிறது. காலம் வீணே கரைகிறது. கடைசியிலே அந்தத் தாய், தன்னந்தனியாகப் பிள்ளையை இடுப்பிலே சுமந்து, மருத்துவமனை தேடிச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுகிறாள்.

தோழர்களே! அந்தப் பிள்ளையின் நிலைக்குப் பெயர் ஆட்டிசம். அது பாவத்தின் சம்பளமுமல்ல, வளர்ப்பின் குற்றமுமல்ல. மூளை வளர்ச்சியிலே அமைந்த வேறுபாடு. மருந்து கொடுத்து அதைப் போக்கிவிட முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்க முடியும்.

தாயைக் கூண்டிலேற்றியது நமது தெரு மட்டுமல்ல. மெத்தப் படித்த மேலைநாடும் அதைத்தான் செய்தது. 1943-ல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்த நிலையை விளக்கி எழுதினார். பின்னர், "தாயின் நெஞ்சிலே பாசமில்லை, அதனால் வந்த வினை" என்ற கொள்கை பரவிற்று. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் அதற்கு ஒரு பெரிய நூலே எழுதினார். எத்தனை தாய்மார்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் வடித்தார்களோ! ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்பே, 1964-ல், அந்தக் கொள்கையை மறுத்து நூல் எழுதியிருந்தார் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் உளவியல் படித்தவர்; அதோடு, ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற தந்தை. வட கரோலினாவிலே எரிக் ஷாப்ளர் என்ற அறிஞர், பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல் துணை ஆசிரியர்களாக்கினார். அவர் கண்ட முறை 1972-ல் அந்த மாநிலம் முழுமைக்குமான திட்டமாயிற்று.

அன்று தொடங்கிய பாதையிலேதான் இன்றைய ஆராய்ச்சி நடக்கிறது. பிரிட்டனிலே 152 குழந்தைகளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2010-ல் வெளிவந்தது. பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடிப்பார்கள். பிறகு பெற்றோரோடு சேர்ந்து அதைப் பார்ப்பார்கள். பிள்ளை எங்கே பார்த்தான், எதைக் கேட்க முயன்றான் என்று கண்டுபிடிப்பார்கள். அவன் வண்டியை உருட்டினால் பிடுங்காதே, பக்கத்திலே உட்கார், அவன் பார்ப்பதை நீயும் பார், ஒரு சொல் சொல், பிறகு பொறுத்திரு. பாடம் இவ்வளவுதான்!

"அது பணக்கார நாடு, நமக்கு ஆகுமா?" என்பீர்கள். அதே முறையை நமது கோவாவிலும், பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். கற்றுக் கொடுத்தவர்கள் பெரிய டாக்டர்களல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். ஆறு மாதத்திலே 12 அமர்வுகள். பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து பழகக் கற்றார்கள். பிள்ளைகளும் தாமாக முன்வந்து தொடர்பு கொள்வது கூடிற்று. தமிழ்நாட்டிலேயே, தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தோன்றிய அமர் சேவா சங்கம், ஊர்ப்புறப் பணியாளரை வீட்டுக்கே அனுப்பிக் குடும்பத்தாருக்குக் கற்பிக்கிறது.

ஆகவே, வீடுதான் முதற் பள்ளி. ஆனால் அந்தப் பள்ளியிலே ஆசிரியர் யார்? இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு வந்த பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் தாய்மார்களே! அன்று பழியைத் தாய்மீது போட்டோம். இன்று பாடத்தையும் அவள் தலைமீதே வைப்பதா? ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தோழரே! டீக்கடையிலே நாட்டு நடப்பை அலசும் நேரத்திலே அரைமணியை உமது பிள்ளைக்குக் கொடும். தரையிலே அவனோடு அமர்வதால் ஆண்மை குறைந்துவிடாது.

"தந்தைக்கு மனமுண்டு, விடுப்பில்லையே!" என்பது நியாயமான கேள்வி. மத்திய அரசுப் பணியிலுள்ள தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று! 12 அமர்வுக்கு 12 அரைநாள். கூட்டினால் ஆறே நாள். அந்த ஆறு நாளைச் சம்பளத்தோடு கொடு என்று ஒவ்வொரு சங்கமும் தன் கோரிக்கைப் பட்டியலிலே சேர்க்கட்டும்.

அரசுக்கும் ஒரு சொல். "குடும்பமே மருந்து" என்று கூறிக் கை கழுவிவிடக் கூடாது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலே ஆட்டிசம் இடம் பெற்றிருக்கிறது. தமிழ்நாடு அரசின் உரிமைகள் திட்டத்திலே 'விழுதுகள்' மையங்கள் வந்திருக்கின்றன. மையம் திறந்த ஊரிலே உள்ளே சென்று, பெற்றோருக்குப் பயிற்சி கேளுங்கள். திறக்காத ஊரிலே ஏன் திறக்கவில்லை என்று கேளுங்கள். கற்பிக்க வரும் பணியாளருக்கு நிலையான வேலை, நேர்மையான ஊதியம் உண்டா என்றும் கேளுங்கள். அது கருணையல்ல, உரிமை!

நாளைக் காலையிலும் அந்தத் தாய் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவாள். இம்முறை பிள்ளை தந்தையின் தோளிலே இருக்கட்டும்!